ஸாய் ஃபோங் என்று நான் சொன்ன நாள்

என் மகளின் நிச்சயதார்த்தத்தைக் குழப்பியது நான்தான். மழையும் இல்லை, பனியும் இல்லை, வழக்கமாக இப்படியான காரியங்களைக் குழப்பிவைக்கும் சொந்தக்காரரும் இல்லை. ஒரு சொல்லால் குழப்பினேன். அதுவும் அந்தச் சொல்லைச் சரியாக உச்சரித்துக் குழப்பினேன். பிழையாகச் சொல்லியிருந்தால் தப்பியிருப்போம் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லுவார்.

மகள் பார்மசிஸ்ட். இங்கே பிறந்தவள். அவள் கட்டப்போவதாகச் சொன்ன பெடியன் வியட்நாம்காரன். அவனும் இங்கே பிறந்தவன். முதலில் எனக்கு முகம் கறுத்தது உண்மை. பிறகு ஆறுதலாக யோசித்தேன். அவர்களும் எங்களைப்போல வேதக்காரர், மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். சோறும் மீனும் தின்கிறவர்கள். நல்ல காரியத்துக்கு வெற்றிலையும் பாக்கும் தட்டில் வைத்துக் கொண்டுவருகிறவர்கள். எங்கள் சாதிசனத்திலேயே அந்த வழக்கத்தை மறந்தவர்கள் இந்த ஸ்காபரோவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குறை என்று பார்த்தால் பாஷைதான். பெடியனின் தாய்க்கு ஆங்கிலம் வராது. தகப்பன் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு அங்கே பழகிய ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். பாஷையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்தத் துணிவுக்கு ஒரு காரணம் இருந்தது. நான் டோர்செட் பார்க் பக்கத்தில் ஒரு பிளாசாவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வியட்நாம் ஆட்கள் வந்து கண்ணைத் தொட்டுக் காட்டி "லோவான், லோவான்" என்பார்கள். பார்வை கலங்கும் குறைக்கு டாக்டரின் சீட்டில் அஸ்டிக்மாடிசம் என்று எழுதியிருப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நாளில் பிடித்துக்கொண்டேன். லோவான் என்றால் குழப்பம், கலகம் என்று ஒரு பெண் எனக்கு விளங்கப்படுத்தினாள். அதாவது கண்ணுக்குள்ளே ஒரு கலகம் நடக்கிறது. பிறகு இன்னொருத்தி தன் மூத்த மகளைப் பற்றி முறைப்பட்டாள். பிள்ளை பதினைந்து வயதுக்காரி. அறைக் கதவை அடித்துச் சாத்துகிறாளாம். அந்த வயதுக்கு அவர்கள் பாஷையில் கலகம் செய்கிற வயது என்றே பெயராம். இதயம் தாளம் தப்பி அடித்தாலும் லோவான். நாடு கவிழ்ந்தாலும் அதே லோவான்.

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. கலவரம் என்ற சொல்லை எங்கள் ஆட்களிடம் சொன்னால் முகம் மாறிவிடும். கொழும்பில் வீட்டை விட்டு ஓடியது, கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது என்று கதை தொடங்கிவிடும். இவர்கள் அந்தச் சொல்லைக் கண்ணாடி பிறேமுக்கு விலை பேசிக்கொண்டே சொல்லுகிறார்கள். இப்படி ஒரு பாஷையைப் படித்தால் என்ன என்று தோன்றியது.

போனில் பாஷை படிப்பிக்கும் அப் ஒன்று இறக்கினேன். அதற்குள் ஒரு பெண் தெளிவாக, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் பேசுவாள். பஸ்ஸில் போகும்போதும் மரக்கறி வெட்டும்போதும் அவளுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தப் பாஷையில் "ங" என்று தொடங்கும் சொற்கள் மலிந்து கிடக்கின்றன. எங்கள் அரிச்சுவடியில் கானாவுக்கும் சானாவுக்கும் நடுவில் சும்மா குந்தியிருக்கும் ங-வுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது என்று கணவருக்குச் சொல்லிச் சிரித்தேன். அவர் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

முறைகளை முதலில் பாடமாக்கினேன். "மொய்" என்றால் வாருங்கள், சாப்பிடுங்கள், குடியுங்கள் என்று மரியாதையாய் அழைப்பது. எங்கள் கல்யாண வீட்டு மொய் இல்லை. தாயின் சகோதரனுக்கு "கௌ" என்று பெயர். எங்கள் தாய்மாமன்தான். தாய்தகப்பன், பிள்ளையின் முறையை எடுத்துத்தான் சம்பந்தி வீட்டாரைக் கூப்பிடுவார்களாம். அதுவும் எங்கள் வழக்கம்போலத்தான். நாங்களும் பிள்ளைக்காக "மாமா வாறார், எழும்பு" என்போம்.

மாமா என்று சொல்ல என் மகளுக்கு ஒரே ஒருவன் உண்டு. என் தம்பி. ஏ.எல். சோதனை எடுக்காமலே இயக்கத்துக்குப் போனவன். சண்டை முடிந்த அந்த மே மாதத்தில் சரணடைந்தவர்களோடு ஆமி அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பஸ் எங்கே போனது என்று சொன்னவர்கள் இல்லை. அவனுடைய படம் எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரில், மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் கோவிலில் எடுத்த மகனின் முதல் நன்மைப் படத்துக்கும் இடையில் தொங்குகிறது. உயிரோடு இருக்கிறவர்களின் படங்களோடு. அதை இடம் மாற்ற நான் யாரையும் விடுவதில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கும்போது ஒன்று நடந்தது. அவர்கள் ஏப்ரல் கடைசி வேண்டாம் என்றார்கள். நாங்கள் மே நடுப்பகுதி வேண்டாம் என்றோம். ஏன் என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. வேலைக்கு லீவு எடுக்கிற பிரச்சினை என்று நாங்கள் நினைத்தோம்; அவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஜூனில் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது.

அவர்கள் முறைப்படி அன்றைக்கு இரு வீட்டுப் பெரியவர்களும் எழும்பிப் பேச வேண்டும். எங்கள் பக்கம் நான் பேசுவதென்றும் அதை வியட்நாம் பாஷையில் பேசுவதென்றும் தீர்மானித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. எல்லாரும் வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசை. வரவேற்பும் பெடியனைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தையும் இலகுவாக வந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்களும் சண்டையால் வந்தவர்கள், நாங்களும் சண்டையால் வந்தவர்கள், அதனால் எங்கள் மனம் உங்களுக்கு விளங்கும் என்று சொல்ல விரும்பினேன். அந்த இடத்தில் என் தம்பியையும் நினைக்க விரும்பினேன். தாய்மாமன் இல்லாமல் நல்ல காரியம் நடப்பது எனக்கு அவ்வளவு பெரிய குறை.

தம்பி செய்ததை என்னவென்று சொல்லுவது? போனில் தேடினேன். ஒரு சொல் கேட்டால் ஒரு கடகம் சொல் வந்து கொட்டியது. லோவான் சேர்ந்தவை எல்லாம் கெட்ட சொற்கள். அரசாங்கம் தனக்குப் பிடிக்காதவர்களைச் சொல்லுபவை. "ஸாக்" என்று ஒன்று. கொள்ளைக்காரனும் அதுதான், நாட்டுக்குள் நுழையும் பகைவனும் அதுதான், கிளர்ச்சிக்காரனும் அதுதான். "நொய் ஸெய்" என்றால் கிளர்ந்தெழுவது. அதிலே ஸெய் என்பது காலையில் படுக்கையால் எழும்புவது. எங்கள் எழுச்சிக்குள்ளும் எழும்புதல் இருக்கிறதே என்று ஒரு நிமிடம் அதிலே நின்றேன். "கொய் ஙியா" என்றால் நீதியைத் தொடக்கிவைப்பது; அது பழைய வீரர்களுக்கு. அதற்கும் மேலே "காக் மாங்", புரட்சி. எல்லாவற்றுக்கும் உச்சியில் "ஸாய் ஃபோங்", விடுதலை.

என் தம்பிக்கு நான் குறைந்த சொல்லைக் கொடுப்பேனா? நகைக்கடையில் பார்ப்பதுபோல மேல்தட்டில் இருந்த இரண்டையும் எடுத்தேன். கடைக்கு வரும் வியட்நாம் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கதை வெளியே போய்விடும் என்று கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். ரூஜ் பகுதியில் எங்கள் தெரு முழுக்க எங்கள் ஆட்கள். ஒவ்வொரு யன்னலிலும் ஒரு தலை. பெடியனின் உறவுக்காரர் வரிசையாக, சிவப்புத் துணி போர்த்த வட்டப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டிரைவ்வேயில் நடந்து வந்தார்கள். வெற்றிலை, குலையோடு பாக்கு, தேயிலை, பழம், பலகாரம், சுட்ட பன்றி ஒன்று முழுசாக. தகப்பன் சாம்பல் நிறக் கோட்டும் சூட்டும். தாய் கழுத்து மூடிய நீலப் பட்டு நீளச் சட்டை. அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஒரு சின்ன மேசையில் எங்கள் செத்துப்போன தாய்தகப்பன்மாரின் படங்களை வைத்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தோம். தகப்பன் அதற்கு முன்னால் நின்று தலை வணங்கியபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

நான் எழும்பினேன். முதல் வசனத்துக்கே அவர்கள் பக்கம் ஆரவாரமாகக் கைதட்டினார்கள். தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகள் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நாங்களும் ஸாய் ஃபோங்குக்காகப் போராடிய சனம் என்றேன். என் தம்பி காக் மாங் செய்தவன் என்றேன்.

கைதட்டல் இல்லை. விளங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அப்பில் இருக்கும் பெண்ணைப்போல, இன்னும் உரத்து, இன்னும் தெளிவாக, ஸாய் ஃபோங் என்று திரும்பவும் சொன்னேன்.

தாய் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். பின்வரிசையில் இருந்த ஒரு கிழவர் என்னவோ முணுமுணுத்தார். தகப்பனின் முகத்தைப் பார்த்தேன். கோபம் என்றால் எனக்குப் பழக்கம். அது கோபம் இல்லை. நித்திரையில் இருந்தவரைத் தட்டி எழுப்பி அடித்ததுபோல் இருந்தது. அவர் எழும்பினார், கோட்டின் பொத்தானைப் பூட்டினார், படங்கள் இருந்த மேசைக்கு இன்னொரு முறை தலை வணங்கினார், வெளியே நடந்தார். தாய் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். பெட்டிகள் அப்படியே இருந்தன. சுட்ட பன்றி மேசையில் கிடந்தது. நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பெடியன் வாசலில் நின்று மகளோடு கதைத்தான். அவள் உள்ளே வந்தபோது கண்ணில் பூசிய மை கன்னம்வரை வந்திருந்தது.

"அம்மா, அது அவைக்கு லிபரேஷன் இல்லை. அண்டைக்குத்தான் அவை எல்லாத்தையும் லூஸ் பண்ணினவை," என்றாள்.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தகப்பன் தெற்கு வியட்நாம் இராணுவத்தில் இருந்தவர். அவர்களுடைய நகரத்தை மற்றப் பக்கமான வடக்குக்காரர் பிடித்த நாளுக்கு, பிடித்தவர்கள் வைத்த பெயர் ஸாய் ஃபோங். அது ஏப்ரலின் கடைசி நாள். போனில் இருக்கிற பெண் பேசுவது வடக்கத்திப் பேச்சு. தெற்கில் அதே சொல்லை யாய் ஃபோங் என்பார்களாம். நான் அந்தச் சொல்லையும் சொல்லி, வென்றவர்கள் ஒலிபெருக்கியில் அதை அறிவித்த உச்சரிப்பிலேயே சொல்லியிருக்கிறேன், இரண்டு தரம்.

முதலில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். விடுதலை என்ற சொல்லில் என்ன பிழை? எங்கள் வீட்டில் அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவோம். என் தம்பி அந்த ஒரு சொல்லுக்காகப் போனவன். அதைக் கேட்டு ஒருவர் என் வீட்டுக் கதிரையை விட்டு எழும்பிப் போவதா? கணவரோடு ஒரு பகல் முழுக்கச் சத்தம் போட்டேன். அவர் பன்றி இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டி பிரீசரில் அடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உமக்குப் பிடிச்ச சொல்லு எண்டாப் போலை எல்லாருக்கும் பிடிக்கோணுமே?" என்றார் கடைசியில்.

அடுத்த நாள் மகள் மீதியைச் சொன்னாள். தோற்ற இராணுவத்து ஆட்களைப் படிப்புக்கு வரச் சொன்னார்களாம். மாற்றுடுப்பும் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசும் கொண்டுவரச் சொன்னார்களாம். பெடியனின் தகப்பனும் அவருடைய தமையனும் பைகளோடு போனார்கள். ஒரு மாதம் வருடங்களானது. தமையன் திரும்பவேயில்லை. படிப்பு என்பதைத்தான் அந்தச் சிறைக்குப் பெயராக வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அந்தத் தலைமுறை ஆட்கள் "படிக்கப் போனார்" என்றுதான் சொல்லுவார்களாம். மகள் சொல்லச் சொல்லச் சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. விசாரித்துவிட்டு விடுவோம் என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள்.

பெடியன் நல்லவன். தகப்பன் வராமல் தான் கட்டமாட்டேன் என்றும், தகப்பனை வரச்சொல்லி நெருக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். மகள் அவனைக் குறைசொல்லவில்லை. என்னோடுதான் கதைப்பதை நிறுத்தினாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், கோப்பையைக் கழுவி வைப்பாள், மேலே போய்விடுவாள். கதவைக்கூட அடித்துச் சாத்தமாட்டாள். அவளுடைய வாழ்க்கை இனி பிக்கரிங்கில் இருக்கும் ஒரு மனிசனின் மனதில் தொங்குகிறது. அதை அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டவள் நான். இதை வேறு யாரும் போய்ச் சரிக்கட்ட முடியாது.

கணவர் தானும் வரட்டோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பெடியன் வீட்டுக்குப் போகக் காருக்குள் ஏறியதும் மன்னிப்பு என்ற சொல்லை அப்பில் பார்த்தேன். பிறகு போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அப்பில் இருக்கிற பெண்ணின் குரலில் இனி அந்த வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

அவர் வீட்டு வாசலில் பூச்சாடிகளும், உள்ளே மாதாவின் சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு இளைஞனின் படமும் இருந்தன. படத்துக்கு முன்னால் ஊதுபத்திச் சாம்பல். தமையன் என்று கேட்காமலே தெரிந்தது. தகப்பன் மரியாதையாகத்தான் கதிரையைக் காட்டினார். நாங்கள் பேசியது ஆங்கிலம் என்று சொன்னால் ஆங்கிலக்காரர் கோபிப்பார்கள். அவருடைய ஆங்கிலத்தில் இறந்தகாலம், எதிர்காலம் ஒன்றும் இல்லை. வினையை அப்படியே வெட்டிவைத்ததுபோல் வைப்பார். அவர்கள் பாஷையிலும் வினை காலத்துக்கு ஏற்ப மாறாது என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாது, தெரிந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்றேன். அவர் தலையாட்டினார். அந்தச் சொல் வடிவான சொல் என்றார். முகாமில் தினமும் காலையில் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுத்தான் எழும்ப வேண்டும் என்றார். பிறகு என் தம்பியைப் பற்றிக் கேட்டார்.

நான் சொன்னேன். கை தூக்கிக்கொண்டு போனான், பஸ்ஸில் ஏற்றினார்கள் என்றேன். அப்படிப் பிடித்தவர்களில் கொஞ்சப்பேரை முகாம்களில் வைத்திருந்து பிறகு விட்டார்கள், அங்கே அவனும் இருப்பான் என்று என் தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா என்றேன். அந்த முகாம்களுக்கு என்ன பெயர் என்று கேட்டார். ரீஹபிலிட்டேஷன் என்றேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. எங்கள் பாஷையில் புனர்வாழ்வு என்றேன். அதையும் இரண்டாகப் பிரித்தேன். திரும்ப. வாழ்வு. ஆளைப் பிடித்துப் புதிய ஆளாகச் செய்வது.

"காய் தாவ்," என்றார் அவர். அவர்களுடைய முகாமுக்கும் அதுதான் பெயர். திருத்தி, திரும்பச் செய்வது.

இரண்டு நாடு, இரண்டு பாஷை. ஒருவரை ஒருவர் கண்டிருக்கவே மாட்டார்கள். ஆனாலும் ஆட்களை அடைத்துவைக்கும் இடத்துக்கு ஒரே பெயரைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அங்கே வென்றவர்கள் கலகம் செய்தவர்கள். எங்கள் ஊரில் தோற்றவர்கள் கலகம் செய்தவர்கள். இரண்டு பக்கத்திலும் தோற்றவனுக்குக் கிடைத்தது அந்த ஒரே சொல்தான்.

அவர் கொஞ்ச நேரம் தமையனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தம்பி எந்தப் பக்கம், அரசாங்கப் பக்கமா என்று கேட்டார். இல்லை, அரசாங்கத்துக்கு எதிர் என்றேன். அவருடைய முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது.

"உங்கள் தம்பி," என்றார். "என் நாட்டில். நான் சுடு."

அவர் குரலில் பகை இல்லை. கடைக்கு வழி சொல்லுவதுபோல் சொன்னார். சுட்டேன் என்கிறாரா, சுட்டிருப்பேன் என்கிறாரா, இப்போதும் சுடுவேன் என்கிறாரா என்று அந்த ஆங்கிலத்தில் பிடிபடவில்லை. மகளின் சம்பந்தம் பேசப் போன வீட்டில், என் கண்ணுக்கு முன்னால், ஒருவர் என் தம்பியைச் சுடுகிறார். எழும்பிப் போய்விட வேண்டும் என்று கால் சொன்னது. எழும்பினால் மகளின் கதை முடிந்தது என்று மூளை சொன்னது. வாய் இரண்டையும் கேட்கவில்லை.

"உங்களை," என்றேன், அவருடைய ஆங்கிலத்திலேயே. "என் நாட்டில். என் தம்பி சுடு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஓம் என்பதுபோல் தலையாட்டினார், மெதுவாக, பல தரம். அதற்குள் அவருடைய மனைவி மாங்காய் வெட்டி, உப்பும் மிளகாய்த் தூளும் குழைத்துக் கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் இருந்து தின்றோம். நல்ல புளி. வெளிக்கிடும்போது, அன்றைக்கு எங்கள் வீட்டில் விட்டுப்போன பெட்டிகளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் மகள் படியில் நின்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவளாக வாய் திறந்தாள்.

"வருவாராமே?"

"தெரியேல்லை, பிள்ளை," என்றேன். வேறு என்ன சொல்ல? தம்பியைச் சுடுவாராம் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

ஒரு கிழமைக்குப் பிறகு பெடியன் வந்து வெறும் பெட்டிகளைத் துணியோடு எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கும் எதற்கு என்று தெரியாது. தகப்பன் கொண்டுவரச் சொன்னாராம். திருப்பி எடுக்கிறார்கள், கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் கிழமை முழுக்கக் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருவருக்கு இன்னொருவரின் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகுதான், வருகிற சனிக்கிழமை திரும்ப வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

வந்தார்கள். அதே வரிசை, அதே சிவப்புத் துணி, புது வெற்றிலை. இந்த முறை நான் பேசவில்லை. கணவர் எழும்பி, வாங்கோ, சந்தோஷம், இருங்கோ என்று தமிழில் மூன்று சொல் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அது எல்லாருக்கும் விளங்கியது.

தகப்பன் படங்கள் இருந்த மேசைக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். எங்கள் பக்கத்துக் கிழடுகள் நான்கு பேர். அவர் தேடுவது யாரை என்று எனக்குத் தெரிந்தது. ஏன் வைக்கவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? அவர் கேட்கவில்லை. திரும்பினார். மாடிப்படிச் சுவரில் கண் போனது. அங்கே நடந்துபோய்ப் பட்டமளிப்புக்கும் முதல் நன்மைக்கும் இடையில் இருந்த, கட்டம் போட்ட சேர்ட்டோடு நிற்கும் என் தம்பியின் படத்துக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சுவரில் இருப்பவர்கள் யார் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. தலை வணங்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்.

பிறகு தேத்தண்ணி கொடுக்கும் நேரம் வந்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் தட்டோடு வந்து ஒவ்வொரு பெரியவருக்கும் இரண்டு கையாலும் கோப்பையை நீட்ட வேண்டும். கொதிநீரை இறக்கிய கையோடு ஊற்றியிருந்தார்கள். தகப்பன் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நின்று "ஹொட், ஹொட்" என்று எச்சரித்துக்கொண்டு வந்தார். என் முறை முடிந்தது. தன் மகனுக்கு அவர் என்னவோ சொன்னார். பெடியன் குசினிக்குள் போய் ஒரு கதிரை தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் போட்டான். யாரோ பிந்தி வந்திருக்கிறார்கள் என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை.

தகப்பன் தட்டைத் தன் கையில் வாங்கினார். ஒரு கோப்பையை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்து, வெறும் கதிரைக்கு முன்னால் இருந்த மேசை விளிம்பில் வைத்தார். செத்தவர்களின் மேசையில் இல்லை. எங்களோடு.

"மொய், கௌ," என்றார்.

எனக்கு விளங்கியது. குடியுங்கோ, மாமா. தன் மகனின் முறையை எடுத்துக் கூப்பிடுகிறார். அந்த இடத்திலேயே, அவ்வளவு சனத்துக்கு முன்னால், நான் குழறி அழுதேன். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் என் தம்பியைப் பயங்கரவாதி என்றவர்கள் இருக்கிறார்கள், போராளி என்றவர்கள் இருக்கிறார்கள், காணாமல் போனவர் என்று பத்திரத்தில் எழுதியவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவனைக் கூப்பிடுவதுபோல் ஒருவரும் கூப்பிடவில்லை.

கோப்பையில் இருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவர் கதிரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில், "ஹொட்" என்றார்.

"ஓம்," என்றேன். "சுடும். அவனுக்குச் சொல்லுறன்."